மெக்நமாராவின் வாக்கியம்

1966 மே 18 அன்று கனடாவின் மான்ட்ரியல் நகரில் அமெரிக்கப் பத்திரிகை ஆசிரியர்களின் மாநாடு நடந்தது. பேச வந்தவர் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் மெக்நமாரா. அப்போது வடவியட்நாம் மீது அமெரிக்க விமானங்கள் ஓராண்டுக்கும் மேலாகக் குண்டு வீசிக்கொண்டிருந்தன. மேடை ஏறியவரோ ஆயுதங்களைப் பற்றி அதிகம் பேசவில்லை. ஏழை நாடுகளில் வெடிக்கும் வன்முறைக்கும் அங்குள்ள வறுமைக்கும் உள்ள தொடர்பைப் பேசினார். பாதுகாப்பு என்பது படைக்கலன்களின் தொகை அல்ல. பாதுகாப்பு என்பதே வளர்ச்சிதான். வளர்ச்சி இல்லாத இடத்தில் பாதுகாப்பும் இருக்காது என்பது அவர் சொன்னதன் சாரம். இரண்டே ஆண்டுகளில் அந்தப் பதவியை விட்டு உலக வங்கியின் தலைவரானார். 1981 வரை அங்கேயே இருந்தார்.

பிரிட்டனிலும் ஐரோப்பாவின் பிற நாடுகளிலும் ஆஸ்திரேலியாவிலும் இன்று நடத்தப்படும் ‘உலகப் பாதுகாப்பும் பன்னாட்டு வளர்ச்சியும்’ போன்ற முதுநிலைப் படிப்புகளின் அடிக்கல் இந்த ஒரு கருத்துதான். போரைப் படிப்பவரும் வறுமையைப் படிப்பவரும் ஒரே வகுப்பில் உட்கார வேண்டும் என்பதற்கு வேறு நியாயம் கிடையாது. கருத்து சரியா என்பதில் பெரிய சண்டை இல்லை. சண்டையெல்லாம் அடுத்த கேள்வியில் இருக்கிறது: யாருடைய பாதுகாப்பு? வறுமையில் இருப்பவருடையதா, உதவி அனுப்பும் நாட்டுடையதா? மெக்நமாராவின் பேச்சில் இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று கலந்து கிடந்தன. கடந்த அறுபது ஆண்டுகளில் பணம் எந்தப் பக்கம் போனது என்று பார்த்தால்தான் அவை தனித்தனியாகப் பிரிகின்றன.

முதலில் பிரிந்தது வியட்நாமிலேயே. 1967-இல் அமெரிக்கா அங்கே ‘கார்ட்ஸ்’ என்ற அமைப்பைத் தொடங்கியது. கிணறு வெட்டுவது, நெல் விதை கொடுப்பது, பள்ளிக்கூடம் கட்டுவது ஆகிய வேலைகளும், கிராமத்தில் வியட்காங் கெரில்லாக்களைக் கண்டுபிடிக்கும் வேலையும் ஒரே தலைமையின்கீழ் வந்தன. ராபர்ட் கோமர் அதன் முதல் தலைவர். அமெரிக்காவின் வளர்ச்சி உதவி நிறுவனமான யூஎஸ்எய்டின் ஊழியர்கள் ராணுவ அதிகாரிகளுடன் ஒரே வரிசையில் நின்று வேலை செய்தார்கள். கிராமங்கள் எவ்வளவு ‘அமைதியடைந்தன’ என்பதற்கு மாதந்தோறும் மதிப்பெண் போட்டார்கள். 1975-இல் தென்வியட்நாமின் தலைநகர் சைகோன் விழுந்தபோது அந்த மதிப்பெண்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று.

இந்தத் துறை பல்கலைக்கழகங்களுக்குள் வந்தது இன்னொரு வாசல் வழியாக. முதல் உலகப் போரில் இறந்த மாணவர்களின் நினைவாக, நிலக்கரிச் செல்வத்தில் பிறந்த டேவிட் டேவிஸும் அவருடைய சகோதரிகளும் 1919-இல் 20,000 பவுண்டு கொடுத்து, வேல்ஸின் அபரிஸ்ட்வித்தில் பன்னாட்டு அரசியலுக்கு ஒரு பேராசிரியர் பதவியை உருவாக்கினார்கள். வளர்ச்சி ஆய்வு மிகவும் பின்னால் வந்தது. காலனி நாடுகள் விடுதலை பெற்று, அங்கே வேலை பார்த்த ஐரோப்பிய நிர்வாகிகளின் அனுபவத்துக்கும் புதிய அரசுகளின் தேவைக்கும் ஓர் இடம் வேண்டியிருந்தபோது, 1952-இல் ஹேக் நகரிலும் 1966-இல் இங்கிலாந்தின் சசெக்ஸிலும் தனி நிறுவனங்கள் எழுந்தன. நெடுநாள் வரை இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. ஒரு கட்டடத்தில் அணு ஆயுதம் பேசினார்கள். இன்னொரு கட்டடத்தில் நிலச் சீர்திருத்தம் பேசினார்கள்.

இரண்டையும் இணைக்கும் வேலையைச் சத்தமில்லாமல் தொடங்கியவர்களில் ஆடம் கர்ல் முக்கியமானவர். 1950-களின் பிற்பகுதியில் பாகிஸ்தான் திட்டக் குழுவுக்கு ஆலோசகராக இருந்தவர். பின்னர் கானாவில் கல்விப் பேராசிரியர். அதன் பின் ஹார்வர்ட். குவேக்கர் சமயத்தைச் சேர்ந்த அவர், 1965 இந்திய–பாகிஸ்தான் போரின்போதும் நைஜீரிய–பியாஃப்ரா போரின்போதும் இரு தரப்பையும் சந்தித்துப் பேசும் சமாதானத் தூதுகளில் பங்கெடுத்தார். 1973-இல் பிராட்ஃபோர்ட் பல்கலைக்கழகம் அமைதி ஆய்வுத் துறையைத் தொடங்கியபோது அதன் முதல் பேராசிரியர் அவர்தான். அந்தப் பதவிக்கு நன்கொடை திரட்டியவர்கள் குவேக்கர்கள். ஜவுளி ஆலைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த வட இங்கிலாந்து ஊர் ஒன்றில், வளர்ச்சித் திட்டமிடலில் ஊறிய ஒருவர் போரைப் பற்றிப் பாடம் எடுக்க வந்தார் என்பது இந்தத் துறையின் கதையில் சின்னச் செய்தி அல்ல.

கர்ல் ஆலோசனை சொன்ன அதே பாகிஸ்தான் திட்டக் குழுவில் 1957-இல் வேலைக்குச் சேர்ந்த இளம் பொருளியலாளர் மஹ்பூப் உல் ஹக். கேம்பிரிட்ஜில் அமர்த்தியா சென்னின் தோழர். நாட்டின் தொழில் சொத்தில் மூன்றில் இரண்டு பங்கு வெறும் 22 குடும்பங்களின் கையில் இருக்கிறது என்று 1968-இல் அவர் சொன்னது பாகிஸ்தானைக் குலுக்கியது. திட்டம் போட்டுக் கொடுத்தவரே தன் திட்டத்தின் பலன் எங்கே போனது என்று கணக்குக் காட்டினார். பிறகு உலக வங்கிக்குப் போய், மெக்நமாராவின் கீழ் 1970-கள் முழுக்கப் பணியாற்றினார்.

மெக்நமாராவின் வாக்கியத்தைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டவர் இந்த ஹக்தான். 1994-ஆம் ஆண்டின் ஐநா மானுட வளர்ச்சி அறிக்கையை அவர் தலைமையில் தயாரித்தார்கள். அதில்தான் மானுடப் பாதுகாப்பு என்ற கருத்து முழு வடிவில் வந்தது. வருமானம், உணவு, உடல்நலம், சுற்றுச்சூழல், தனிமனித உயிர், சமூகம், அரசியல் உரிமை என்று ஏழு வகைப் பாதுகாப்புகளை அறிக்கை வரிசைப்படுத்தியது. எல்லைக்கோட்டைக் காப்பது இதில் ஒன்றுகூட இல்லை. பனிப்போர் முடிந்துவிட்டது; இனி ராணுவச் செலவை உலக நாடுகள் ஆண்டுக்கு 3 சதவீதம் குறைத்து, மிச்சமாகும் பணத்தை மக்களுக்குச் செலவிட வேண்டும் என்றும் அது கேட்டது. ஏழையின் பாதுகாப்பே பாதுகாப்பு, மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் என்பதே ஹக்கின் வாசிப்பு.

அதே 1994 ஏப்ரலில் ருவாண்டாவில் இனப்படுகொலை தொடங்கியது. சுமார் நூறு நாளில் ஏறத்தாழ 8 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள்.

ருவாண்டா வளர்ச்சித் துறைக்குக் கொடுத்த அடி எவ்வளவு பலமானது என்பதை பீட்டர் உவின் 1998-இல் எழுதிய நூலைப் படித்தால் தெரியும். படுகொலைக்கு முந்தைய ஆண்டுகளில் உதவி நிறுவனங்களின் செல்லப்பிள்ளையாக இருந்த நாடு அது. சாலை இருந்தது, நிர்வாகம் இருந்தது, திட்டங்கள் கெடு தவறாமல் முடிந்தன. எந்த அதிகாரியும் மெச்சும் அறிக்கைகள் எழுதப்பட்டன. ஒவ்வொருவரின் அடையாள அட்டையிலும் ஹூட்டு இனமா டூட்சி இனமா என்று அச்சடித்திருந்ததையும், பள்ளியிலும் அரசு வேலையிலும் இன ஒதுக்கீடு இருந்ததையும், திட்டப் பணம் படித்த மேல்தட்டின் கையிலேயே தங்கியதையும் அந்த அறிக்கைகள் கண்டுகொள்ளவில்லை. அது அரசியல், நம் வேலை வளர்ச்சி என்று நிபுணர்கள் ஒதுங்கினார்கள். உவினும் அங்கே ஆலோசகராக வேலை பார்த்தவர். உதவி நிறுவனங்கள் படுகொலையைத் தூண்டின என்று அவர் சொல்லவில்லை. அவமானத்தையும் ஒதுக்கலையும் நாள்தோறும் உற்பத்தி செய்த ஓர் அமைப்புக்குள் அவை கேள்வி கேட்காமல் பணம் ஊற்றின என்றார். கொல்வதற்குத் தேவையான நிர்வாக ஒழுங்கும் அதே அமைப்பிடம்தான் இருந்தது.

1994-இன் மூன்றாவது பாடம் லண்டன் உயர் நீதிமன்றத்தில் நவம்பர் மாதம் கிடைத்தது. மலேசியாவின் கிளந்தான் மாநிலத்தில் பெர்காவ் என்ற இடத்தில் நீர்மின் அணை கட்ட பிரிட்டன் 23.4 கோடி பவுண்டு உதவி ஒதுக்கியிருந்தது. 1988-இல் பிரிட்டனின் பாதுகாப்பு அமைச்சர் ஜார்ஜ் யங்கர் மலேசியாவுடன் 100 கோடி பவுண்டுக்கு மேற்பட்ட ஆயுத விற்பனைக்கு ஓர் உடன்பாடு செய்தார். ஆயுதத்தின் மதிப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு உதவி தருவதாக அதில் எழுதியிருந்தது. தவறு தெரிந்து அந்த வரியை எடுத்துவிட்டார்கள். ஆனால் அணைக்கான பணம் நின்றபாடில்லை. இதைவிட மலிவாக மின்சாரம் தயாரிக்க வழி இருக்கிறது, இது மோசமான திட்டம் என்று உதவித் துறையின் தலைமை அதிகாரி டிம் லங்கெஸ்டர் எழுத்தில் எதிர்ப்புப் பதிவு செய்தார். வெளியுறவு அமைச்சர் டக்ளஸ் ஹர்ட் அதை மீறிக் கையெழுத்திட்டார். ஒரு தொண்டு அமைப்பு வழக்குத் தொடர, வளர்ச்சிக்கு என்று ஒதுக்கிய பணத்தை இப்படிச் செலவிட்டது சட்டவிரோதம் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1997-இல் பிரிட்டன் வளர்ச்சி உதவிக்குத் தனி அமைச்சகம் கண்டதற்கும், உதவியின் நோக்கம் வறுமை ஒழிப்புதான் என்று 2002-இல் சட்டம் வந்ததற்கும் பின்னால் இந்த அணை இருக்கிறது. லங்கெஸ்டர் ஓய்வுக்குப் பின் இதை ஒரு நூலாகவே எழுதினார். முதுநிலை மாணவர் ஒருவர் உதவிக்கும் ஆயுதத்துக்கும் உள்ள உறவை ஒரே வழக்கில் புரிந்துகொள்ள விரும்பினால், அதைவிட நல்ல நூலைத் தேட வேண்டியதில்லை.

இந்தத் துறையில் நிலைத்து நிற்கும் எழுத்துகளைப் பார்த்தால் ஒரு பொது அம்சம் தெரியும். களத்தில் வேலை செய்து, பிறகு அந்த வேலையையே சந்தேகிக்கத் தொடங்கியவர்கள் எழுதியவை அவற்றில் பல. உவின் ருவாண்டாவிலிருந்து வந்தார். லங்கெஸ்டர் அமைச்சகத்திலிருந்து வந்தார். 1980-களின் பிற்பாதியில் சூடானில் ஆக்ஸ்ஃபாமின் பிரதிநிதியாக இருந்த மார்க் டஃபீல்ட், ஏழை நாடுகளின் குழப்பம் பணக்கார நாடுகளின் வாசலுக்கு வராமல் தடுக்கும் கருவியாக வளர்ச்சி உதவி மாறிவிட்டது என்று 2001-இல் எழுதினார். வெறும் கோட்பாட்டிலிருந்து புறப்பட்ட பல நூல்கள் இன்று வாசகசாலைத் தட்டில் உறங்குகின்றன.

தமிழ் வாசகருக்கு இந்தப் பாடத்திட்டத்தில் மிக நெருக்கமான பகுதி இலங்கை. பாதுகாப்பும் வளர்ச்சியும் சேர்ந்து என்ன செய்யும் என்பதை முழுக்கக் காட்டும் நாடு என்பதால் அது பல பல்கலைக்கழகங்களில் பாடமாக இருக்கிறது. 1949-இல் தொடங்கிய கல்லோயா திட்டம் அணை கட்டியது, நீர் தந்தது, கிழக்கில் சிங்களக் குடியேற்றத்தையும் கொண்டுவந்தது. 1956-இல் தனிச் சிங்களச் சட்டத்தை ஒட்டி வெடித்த வன்முறையில் தமிழர்கள் கொல்லப்பட்ட முக்கிய இடமும் கல்லோயாதான். 1977-க்குப் பின் முப்பது ஆண்டுக்கு வகுத்த மகாவலி ஆற்றுத் திட்டத்தை ஆறு ஆண்டுகளில் முடிக்கும் வேகம் பிறந்தது. விக்டோரியா அணைக்கு பிரிட்டன், கொத்மலைக்கு ஸ்வீடன், ரந்தெனிகலவுக்கு மேற்கு ஜெர்மனி, மாதுறு ஓயாவுக்கு கனடா என்று உதவி நாடுகள் ஆளுக்கொரு அணையை எடுத்துக்கொண்டன. பிரிட்டிஷ் பிரதமர் மார்கரெட் தாட்சர் 1985-இல் நேரில் வந்து விக்டோரியா அணையைத் திறந்தபோது வடக்கில் போர் நடந்துகொண்டிருந்தது. மகாவலியின் பெயரில் மணலாறு என்ற தமிழ்ப் பகுதியின் பெயர் வெலி ஓயா ஆனது. அங்கிருந்து தமிழ்க் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. உதவி நாடுகளின் கோப்புகளில் இவையெல்லாம் பாசனம், மின்சாரம் என்ற தலைப்புகளில் இருந்தன.

இலங்கைக் கதையின் இரண்டாம் கட்டம் 2003 ஜூனில் டோக்கியோவில். அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர்நிறுத்தம் கையெழுத்தாகி ஓராண்டு கடந்திருந்தது. நான்காண்டுகளில் 450 கோடி டாலர் தருவதாக அங்கே கூடிய நாடுகளும் நிறுவனங்களும் வாக்களித்தன. சமாதானப் பேச்சில் முன்னேற்றம் வேண்டும் என்பது நிபந்தனை. ஆனால் அந்த மாநாட்டுக்கு முன்னோட்டமாக ஏப்ரலில் வாஷிங்டனில் நடந்த கூட்டத்துக்கு விடுதலைப் புலிகளால் போக முடியவில்லை; அமெரிக்கா அவர்களைத் தடை செய்திருந்தது. அவர்கள் பேச்சுவார்த்தையிலிருந்து விலகினார்கள், டோக்கியோவையும் புறக்கணித்தார்கள். பணத்தைக் காட்டிச் சமாதானத்தை வாங்கலாம் என்ற கணக்கு இரண்டு தரப்பின் அரசியல் கணக்கையும் சேர்த்துக்கொள்ளவில்லை. பேச்சுவார்த்தைக்கு நடுவராக இருந்த நார்வேயின் முயற்சியை மதிப்பிட அந்நாட்டு உதவி நிறுவனமே வெளி ஆய்வாளர்களை அமர்த்தி 2011-இல் ஒரு பெரிய அறிக்கையை வெளியிட்டது. கொழும்புக்கு வேறு ஆசிய நாடுகளின் கடனும் ஆதரவும் கிடைத்த நிலையில் மேற்கத்திய உதவியின் பிடி எவ்வளவு தளர்ந்தது என்பதை அது விரிவாகப் பேசுகிறது. தன் தோல்வியைத் தானே செலவு செய்து ஆராய்ந்து அச்சிட்ட அரசுகள் அரிது. நார்வேக்கு அந்தப் பெருமையைக் கொடுத்துவிடலாம்.

மூன்றாம் கட்டத்தைப் படிப்பது கடினம். 2008 செப்டம்பரில் ஐநா ஊழியர்கள் வன்னியிலுள்ள கிளிநொச்சியை விட்டு வெளியேறினார்கள். 2009 மே மாதம் போர் முடிந்தது. இறுதி மாதங்களில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கக்கூடும் என்பதை ஐநா பொதுச்செயலரின் வல்லுநர் குழு 2011-இல் மறுக்கவில்லை. 2012-இல் சார்லஸ் பெட்ரி தலைமையிலான உள்ளக மறுஆய்வு, கொழும்பிலிருந்த ஐநா அலுவலர்களிடம் உயிரிழப்புக் கணக்கு இருந்தும் அது வெளியிடப்படாததைச் சுட்டிக்காட்டியது. நிவாரணம் கொண்டுசெல்லும் அனுமதி போய்விடும் என்ற அச்சம், உயிரைக் காப்பது தங்கள் வேலை அல்ல என்ற நினைப்பு, நியூயார்க்கில் உறுப்பு நாடுகள் எதைக் கேட்க விரும்புமோ அதைச் சொல்லும் பழக்கம் எல்லாம் சேர்ந்து ஐநா அமைப்பு தோற்றது என்றது அறிக்கை. ருவாண்டாவில் நிபுணர்கள் சொன்ன ‘அது அரசியல், நம் வேலை வேறு’ என்பது பதினைந்து ஆண்டு கழித்து வன்னியில் அப்படியே திரும்பி வந்தது.

ஆப்கானிஸ்தானில் தவறு எதிர்த் திசையில் நடந்தது. அங்கே யாரும் ஒதுங்கவில்லை. 2002 இறுதியிலிருந்து ராணுவமும் வளர்ச்சி அதிகாரிகளும் சேர்ந்த மாகாண மறுகட்டமைப்புக் குழுக்கள் நாடெங்கும் முளைத்தன. வியட்நாமில் ‘கார்ட்ஸ்’ செய்ததை நினைவுபடுத்தும் ஏற்பாடு. படைத் தளபதிகளின் கையிலேயே செலவுக்குப் பணம் இருந்தது. சண்டை அதிகமுள்ள மாவட்டத்துக்கு நிதி அதிகம். அமைதியாக இருந்த மாகாணங்கள் தங்களுக்கு எதுவும் வரவில்லையே என்று முறையிட்டன. அமெரிக்க நாடாளுமன்றம் 2008-இல் நியமித்த கண்காணிப்பு அலுவலகம், காபூல் விழுந்த 2021 ஆகஸ்டிலேயே இருபதாண்டுப் பாடத்தை வெளியிட்டது. மறுகட்டமைப்புக்கு மட்டும் 14,500 கோடி டாலர். ஒதுக்கிய பணத்தை நிதியாண்டுக்குள் செலவழித்துக் காட்ட வேண்டும் என்ற நெருக்கடியே ஊழலை ஊட்டி வளர்த்தது என்று அந்த அலுவலகம் பல அறிக்கைகளில் விளக்கியிருக்கிறது. பாடநூலாக எழுதாமலே பாடநூலாகிவிட்ட அரசு ஆவணங்கள் அவை.

இத்தனையையும் மாணவர் எப்படிப் படிக்கிறார்? பிரிட்டனில் பெரும்பாலும் ஓராண்டுப் படிப்பு. இரண்டு பருவ வகுப்புகள், வாரந்தோறும் வாசித்துவிட்டு வந்து விவாதிக்கும் கருத்தரங்கு, கோடையில் ஓர் ஆய்வேடு. போர் நடக்கும் இடத்துக்கு மாணவரை அனுப்பப் பல்கலைக்கழகத்தின் காப்பீடும் ஒழுக்கநெறிக் குழுவும் இலேசில் சம்மதிப்பதில்லை. ஆகவே பலரும் ஆவணங்களையும் தரவுத்தளங்களையும் வைத்தே எழுதுகிறார்கள். ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகம் உலகின் போர்களைக் கணக்கெடுக்கிறது. ஓராண்டில் 25 பேர் சண்டையில் இறந்தால்தான் அதன் பட்டியலில் அது ஆயுத மோதல், 1000 பேர் இறந்தால் போர். 24 பேர் இறந்த ஊரை என்ன செய்வது என்ற கேள்வியில்தான் நல்ல கருத்தரங்கு சூடுபிடிக்கும். இந்தியாவில் இதே துறைக்கு இன்னொரு முகம் உண்டு. நீலகிரி வெலிங்டன் பாதுகாப்புப் பணியாளர் கல்லூரியில் பயிலும் அதிகாரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதுநிலைப் பட்டத்தோடு வெளியே வருகிறார்கள். நட்பு நாடுகளின் அதிகாரிகளும் அங்கே படிக்கிறார்கள். பிராட்ஃபோர்ட் அமைதியிலிருந்து போரைப் பார்த்தால் வெலிங்டன் போரிலிருந்து அமைதியைப் பார்க்கிறது.

ஏழையின் பாதுகாப்பா உதவி அனுப்பும் நாட்டின் பாதுகாப்பா என்ற வழக்கில் அண்மைக் கால வரவுசெலவுக் கணக்குகள் பெரும்பாலும் ஒரே பக்கம்தான் சாய்கின்றன. பிரிட்டனின் தனி உதவி அமைச்சகம் 2020 செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகத்தோடு இணைக்கப்பட்டது. 2023-இல் அந்த நாட்டின் மொத்த வெளிநாட்டு உதவியில் 28 சதவீதம், அதாவது 430 கோடி பவுண்டு, பிரிட்டனுக்குள்ளேயே அகதிகளையும் தஞ்சம் கோரியவர்களையும் தங்கவைப்பதற்குச் செலவானது. 2025 பிப்ரவரி 25 அன்று பிரதமர் கியர் ஸ்டார்மர், வளர்ச்சி உதவியை 2027-க்குள் தேசிய வருமானத்தின் 0.5 சதவீதத்திலிருந்து 0.3 சதவீதமாகக் குறைத்து அந்தப் பணத்தைப் பாதுகாப்புச் செலவுக்குத் திருப்புவதாக அறிவித்தார். மூன்றே நாளில் வளர்ச்சி அமைச்சர் அனலீஸ் டாட்ஸ் பதவி விலகினார். ஹக் 1994-இல் கேட்ட மடைமாற்றம் நடந்துவிட்டது, நேர் எதிர்த்திசையில். ஏழை நாட்டு மாணவர்களை இந்த முதுநிலைப் படிப்புகளுக்கு அழைத்துவரும் காமன்வெல்த் உதவித்தொகையும் இதே உதவி நிதியிலிருந்துதான் வருகிறது.

அமெரிக்காவில் 1961-இல் கென்னடி தொடங்கிய யூஎஸ்எய்ட், 2025 ஜூலை 1 முதல் தனி நிறுவனமாக இயங்கவில்லை. அதற்கு முன்பே, அந்தப் பிப்ரவரியில், அதன் பணத்தில் நடந்த மக்கள்தொகை மற்றும் சுகாதார ஆய்வுத் திட்டத்தின் நிதி நிறுத்தப்பட்டது. 1984-இல் தொடங்கி 90-க்கும் மேற்பட்ட நாடுகளில் வீடு வீடாகச் சென்று குழந்தையின் உயரம், எடை, தாயின் வயது, வீட்டின் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றெல்லாம் பதிவு செய்த திட்டம் அது. சண்டை நடந்த பகுதியில் பிறந்த குழந்தைகள் மற்றவர்களைவிட எவ்வளவு குட்டையாக வளர்கிறார்கள் என்று ஆராய்பவர்கள், உப்சாலாவின் போர்க் கணக்கை ஒரு பக்கமும் இந்தக் கணக்கை மறுபக்கமும் வைத்துத்தான் எழுதி வந்தார்கள். இந்தியாவின் தேசியக் குடும்ப நல ஆய்வும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். 1992–93-இல் தொடங்கிய அந்த ஆய்வின் பொறுப்பு மத்திய சுகாதார அமைச்சகத்திடமும் மும்பை மக்கள்தொகை ஆய்வு நிறுவனத்திடமும் இருக்கிறது. தன் பணத்தில் இப்படி ஒரு கணக்கெடுப்பை நடத்த முடியாத நாடுகள் பல. அவற்றில் போர் நடக்கும் நாடுகளும் உண்டு.